ஐநூறு கிலோமீட்டர் கெடு

இன்ஜின் வேலை முடிந்த காரை எடுக்கப் போகிறவரிடம் மெக்கானிக் சொல்வது ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. "சார், ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் அம்பதைத் தாண்டாதீங்க. லோடு ஏத்தாதீங்க. ஐநூறு ஆனதும் கொண்டாங்க, ஆயில் மாத்திடலாம்." தலையாட்டிவிட்டு வண்டியை எடுக்கிறோம். வீடு வந்து சேர்வதற்குள் மனசு கேட்கிறது: பழைய இன்ஜின் புகை தள்ளிக்கொண்டாவது எண்பதில் ஓடியதே? போர் போட்டு, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் மாற்றிய பிறகு எதற்கு ஐம்பதுக்குள் ஒடுங்க வேண்டும்? புதியது பழையதைவிடத் தெம்பாகத்தானே இருக்க வேண்டும்?

லேத் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தவருக்கு இன்னொரு கேள்வியும் எழும். சிலிண்டரின் உட்சுவரை அவ்வளவு துல்லியமாகக் கடைந்து முடித்த பிறகு, கடைசி வேலையாக உரசுகற்களை உள்ளே விட்டுச் சுற்றி, சுவர் முழுக்கக் குறுக்கும் மறுக்குமாகக் கீறுகிறார்கள். வழவழப்பாக வந்த சுவரை ஏன் கெடுக்க வேண்டும்?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு காரைத் திறந்து பார்த்தால் அந்த இடம் தெரிந்துவிடும்.

அம்பாசிடர் ஒன்று

அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரான கார். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரின் வழிவந்தது. அதில் நெடுங்காலம் இருந்த பெட்ரோல் இன்ஜின் 1489 சிசி. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர். இந்த விநோதமான எண்கள் அங்குலத்தில் பிறந்தவை: இரண்டே முக்கால் அரைக்கால் அங்குலம், மூன்றரை அங்குலம். ஆகவேதான் இந்த இன்ஜினுக்கு லேத்தில் கணக்குப் பேசும்போது 'தௌ' என்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ, மில்லிமீட்டரில் 0.0254.

நம் கார் ஒரு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியது. ஆயில் குடிக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப்புகை. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்தும் குபுகுபுவென்று புகை வருகிறது. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது" என்கிறார் மெக்கானிக். எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளிவிட்டுப் புகைக்குழாய் வழியே போகாமல், பிஸ்டனின் ஓரமாகக் கசிந்து ஆயில் தொட்டிக்குள் இறங்குகிறது என்று பொருள். அதே சந்து வழியாக ஆயில் மேலேறி எரிகிறது. அதுதான் நீலப்புகை.

பிஸ்டன் அடைப்பதில்லை

பிஸ்டன் சிலிண்டரை இறுக்கமாக அடைத்துக்கொண்டு ஓடுகிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது தளர்வாகத்தான் ஓடுகிறது. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். குளிரில் இறுக்கமாகப் பொருத்தினால் சூட்டில் சிக்கிக்கொள்ளும். ஆகவே பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இடம் விட்டே ஆக வேண்டும். அந்த இடத்தை மூடுவது, பிஸ்டனின் தலைப்பக்கக் காடிகளில் உட்கார்ந்திருக்கும் ரிங்.

ஓரிடத்தில் வெட்டுப்பட்ட இந்த இரும்பு வளையம் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில் பொறியாளர் 1850களில் தந்தது. அதற்கு முன் நீராவி இன்ஜின் பிஸ்டன்களில் சணல் கயிற்றைச் சுற்றி அடைத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டு எதற்கு? ரிங்கைக் காடிக்குள் மாட்ட வேண்டும். விறைப்போடு விரிந்து சுவரைத் தொட வேண்டும். சூட்டில் நீளவும் இடம் வேண்டும். நம் அம்பாசிடர் ரிங்கின் சுற்றளவு சுமார் 229 மில்லிமீட்டர். சுவரைவிட ரிங் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் கால் மில்லிமீட்டர் நீளும். ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே விடச் சொல்லும் இடைவெளியும் ஏறக்குறைய அதே கால் மில்லிமீட்டர்தான். இடைவெளி போதாமல் முனைகள் முட்டினால் ரிங் சுவரைக் கிழித்துவிடும்.

இனி சொல்லப்போவதுதான் இந்த அத்தியாயத்தின் திறவுகோல். ரிங் தன் சொந்த விறைப்பால் சுவரைத் தொடுவது வெறும் தொடக்கம். எரியும் வாயு, ரிங்குக்கும் காடிக்கும் நடுவே உள்ள மெல்லிய சந்தில் புகுந்து, ரிங்கின் முதுகுப் பக்கம் போய் நின்று, அதைச் சுவரோடு நெருக்குகிறது. ஏரியில் தண்ணீர் ஏற ஏற மதகுப் பலகை தன் சட்டத்தோடு இறுகுவதைப்போல. ரிங்கின் விறைப்பைவிட இந்த நெருக்கல் பல மடங்கு பெரிது. வாயுவைத் தடுக்கும் வலிமையை ரிங்குக்குக் கொடுப்பது அந்த வாயுவேதான். மிதித்தால் நெருக்கல் கூடும்; சும்மா ஓடவிட்டால் குறையும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேய்ந்தது?

நம் சிலிண்டரை அளந்து பார்க்கிறார்கள். அடியில் ஏறக்குறைய பழைய அளவு, 73.03. மேலே, ரிங் ஏறி நிற்கும் உயரத்தில் 73.22. அதற்கும் மேலே, ரிங் எட்டாத இடத்தில் பழைய சுவர் தேயாமல் ஒரு விளிம்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது. விரல் நகத்துக்கே தட்டுப்படும்.

மேலே மட்டும் ஏன்? ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று, உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்கிறது. இதை உயவு என்கிறோம். அந்தப் படலத்தைத் தூக்கி நிறுத்துவது வேகம். மழைத்தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர்மேல் ஏறி மிதக்கிறதே, அதே சங்கதி. வேகம், ஆயிலின் தடிமன், பாரம் மூன்றும் சேர்ந்து உராய்வை எப்படி மாற்றுகின்றன என்பதை ஜெர்மானியரான ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902இல் அளந்து காட்டினார். ரிங் மேலே போய்த் திரும்பும் கணத்தில் வேகம் பூஜ்யம். அந்த இடம்தான் சிலிண்டரிலேயே சூடு அதிகமான இடம். ஆயில் அங்கே நீர்த்துப்போகிறது. வாயுவின் நெருக்கல் உச்சத்தில் இருப்பதும் ஏறக்குறைய அதே கணத்தில்தான். மூன்று கேடும் ஓரிடத்தில் கூடுகின்றன. படலம் கிழிகிறது, இரும்பு இரும்பைத் தொடுகிறது.

0.19 மில்லிமீட்டர் என்பது சின்னத் தொகையாகத் தோன்றும். ஆனால் விட்டம் அவ்வளவு கூடினால் சுற்றளவு 0.6 மில்லிமீட்டர் கூடும். கால் மில்லிமீட்டராக இருந்த ரிங் இடைவெளி மேலே போகும்போது 0.85 ஆகிவிடுகிறது, கீழே வரும்போது மறுபடி சுருங்குகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இன்ஜினில் நிமிடத்துக்கு 3000 தடவை விரிந்து சுருங்கும் ரிங் எத்தனை நாள் தாங்கும்? ரிங் மட்டும் மாற்றினால் போதுமே என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில்.

பத்தா, இருபதா?

சுவரை வட்டமாகக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். இந்த இன்ஜினுக்குப் பெரிய பிஸ்டன்கள் 10, 20, 30, 40 தௌ என்று படிப்படியாகக் கிடைத்தன. பிஸ்டனும் ரிங்கும் செய்யும் தொழில் சென்னைக்குப் பழையது; செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949லேயே தொடங்கிவிட்டது.

தேய்மானம் 0.19. பத்து தௌ என்றால் 0.254. பத்தே போதும் என்றுதான் கணக்கு சொல்லும். ஆனால் அனுபவமுள்ள லேத்காரர் இருபது என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிஸ்டனின் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து தள்ளுவதால் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேயாது. ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்து முட்டை வடிவம் ஆகும். தேய்மானம் முழுவதும் ஒரே பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து தௌ கடைந்தால் பக்கத்துக்கு 0.127தான் போகும், 0.19 ஆழமுள்ள தேய்மானத்தின் அடியைக் கடைசல் உளி தொடவே தொடாது. இருபது தௌ கடைந்தால் பக்கத்துக்கு 0.254. சுவர் முழுக்கப் புது உலோகம் தெரியும். பணத்தை மிச்சம்பிடிக்கப் பத்தில் நிறுத்தியவர்கள் மறுபடி இன்ஜினை இறக்க வேண்டிவந்தது இப்படித்தான்.

கண்ணாடிச் சுவர் ஏன் ஆகாது?

கடைந்து முடித்ததும் உரசுகல். அதைச் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுப்பதால் கீறல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பாய் பின்னலைப்போல விழுகின்றன. ஆழம் சில மைக்ரான்தான். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். ஆனால் ரிங்கின் கண்ணுக்கு அது மலையும் பள்ளத்தாக்கும். பள்ளங்கள் ஆயிலைப் பிடித்து வைக்கும் குளங்கள். மலைகளோ வெட்டுப்படுவதற்காகவே விடப்பட்டவை.

எதற்கு வெட்டுப்பட வேண்டும்? லேத் தரும் வட்டம் மிகத் துல்லியமானது. ஆனால் அது குளிர்ந்த, தனியே நிற்கும் பிளாக்கின் வட்டம். ஹெட்டை வைத்து நட்டுகளை முறுக்கியதும் சுவர் மைக்ரான் கணக்கில் நெளிகிறது. ஓடத் தொடங்கியதும் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் சூடாகி மறுபடி உருமாறுகிறது. ரிங்கும் அப்படியே. இந்தச் சிலிண்டரும் இந்த ரிங்கும் ஓடும் சூட்டில், ஓடும் அழுத்தத்தில் எடுக்கும் உருவம் ஓடும்போது மட்டுமே இருக்கிறது. எந்த லேத்திலும் அதைப் பிடித்து வைத்துக் கடைய முடியாது. எனவே கடைசிக் கடைசலை இன்ஜினிடமே விட்டுவிடுகிறோம். கீறல்களின் முகடுகள் ஒரு மெல்லிய அரம். ரிங்கின் முகத்தை அது தேய்க்கும், தானும் தேயும். இரண்டும் ஒன்றுக்கொன்று வடிவம் கொடுத்துக்கொள்ளும். ரன்னிங் இன் என்று சொல்கிறோமே, அதற்குப் 'பழக்கு ஓட்டம்' என்று பெயர் வைக்கலாம். அது இன்ஜினுக்குத் தரும் ஓய்வு அல்ல. லேத்தில் முடியாத வேலையைச் சாலையில் முடிப்பது.

இந்த வேலை தானே வேகம் குறைந்து தானே நிற்பதும் அழகு. இரண்டு பரப்புகள் தொடும்போது கண்ணுக்கு முழுசாகத் தொடுவதுபோல் தெரிந்தாலும் முகட்டு நுனிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன என்பதை பௌடன், டேபர் என்ற இரு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்து 1950இல் நூலாகவும் எழுதினார்கள். மொத்தப் பாரமும் சில நுனிகளில் இறங்குவதால் தொடக்கத்தில் தேய்மானம் வேகம். நுனிகள் மழுங்கி மேடைகளாகும்போது பாரம் பரவுகிறது, தேய்மானம் தணிகிறது. கடைசியில் மேல்பகுதி சமதளமாகவும், நடுநடுவே ஆயில் நிற்கும் பள்ளங்களாகவும் சுவர் அமைந்துவிடும். வீட்டு அம்மியை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கொத்திய அம்மியில் முதல் சில நாள் கல்மண் வரும். பிறகு வராது, ஆனால் கொத்திய குழிகள் இருக்கும், அரைபடும்.

கல்மண் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உரசுகல்லின் துகள்கள் அந்தக் கீறல்களுக்குள் தங்கிவிடும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவினால் ஆயில் போகும், துகள் போகாது. சுடுதண்ணீரும் சோப்பும் பிரஷ்ஷுமாகத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியை ஆயிலில் நனைத்துச் சுவரைத் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவ வேண்டும். பத்து நிமிட வேலை. இதை விட்டுவிட்ட இன்ஜினில், அந்தத் துகள்கள் ஆயிலோடு சுற்றிப் புது ரிங்கையும் புது பேரிங்கையும் தின்றுவிடும். எந்த நிதானமான ஓட்டமும் அதைக் காப்பாற்றாது.

ஐம்பதுக்குக் கணக்கு

மணிக்கு 50 கிலோமீட்டரில் டாப் கியரில் போகும்போது அம்பாசிடர் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2000 சுற்று சுற்றும். 500 கிலோமீட்டர் போக 10 மணி நேரம். 12 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ரிங் 88.9 மில்லிமீட்டர் இறங்கி, 88.9 ஏறுகிறது. பெருக்கினால், கார் 500 கிலோமீட்டர் போவதற்குள் ஒவ்வொரு ரிங்கும் சுவரில் 213 கிலோமீட்டர் உரசிப் போயிருக்கும். சென்னையிலிருந்து திண்டிவனம் தாண்டி விழுப்புரம் வரை போய், அதற்கு அப்பாலும் போகும் தூரம். அத்தனையும் 9 சென்டிமீட்டருக்குள்.

இந்த உரசலில் ஒவ்வொரு முகடும் மழுங்கும்போது சூடு பிறக்கிறது. ஆயிலும் தண்ணீரும் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும் வேகத்தைவிடச் சூடு பிறக்கும் வேகம் கூடிவிட்டால், முகடுகள் ரிங்கோடு நொடிப்பொழுது ஒட்டிப் பிய்ந்து வரும். சுவரில் நீளக் கோடுகள் விழும். புது பிஸ்டனுக்கு இடைவெளியும் குறைவு. அது சூட்டில் வீங்கினால் 'பிஸ்டன் பிடித்துக்கொண்டது' என்று மெக்கானிக் சொல்லும் நிலை வரும். ஐம்பதைத் தாண்டாதே என்பதன் பொருள் இதுதான். வேகம் நேரடியான எதிரி அல்ல. இடைவிடாத சூடுதான் எதிரி.

பாதி உண்மை

மெக்கானிக் சொன்னதில் ஒரு பாதி இங்கே முடிகிறது. மறுபாதியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ரிங்கைச் சுவரோடு நெருக்குவது வாயு என்று பார்த்தோம். வண்டியை நிறுத்தி வைத்து இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம். எரியும் அழுத்தமும் கொஞ்சம். ரிங் சுவரை அரைமனதாகத் தடவுகிறது. முகடுகள் வெட்டுப்படுவதில்லை. வாயு கசிந்து, சுவரில் ஆயிலைச் சுட்டு, அரக்குபோல் பூச்சாக்குகிறது. பள்ளங்கள் தூர்ந்துபோகின்றன. சுவர் பளபளவென்று மின்னும். ஆனால் அந்த மினுக்கில் ரிங் இனி ஒருநாளும் படியாது. குறைந்த பாரத்தில் நாள்கணக்கில் ஓடும் டீசல் ஜெனரேட்டர்களுக்கு இந்த நோய் நன்றாகவே தெரிந்த ஒன்று. கெடு என்று தலைப்பில் சொன்னது இதைத்தான். முகடுகள் ஒருமுறைதான் இருக்கும். அந்த வாய்ப்பை வீணாக்கினால் பிரித்து, மறுபடி கீறி, மறுபடி ரிங் போடுவதைத் தவிர வழியில்லை.

என் அப்பாவின் கார் இன்ஜினை இப்படித்தான் இழந்தோம். வேலை முடித்த பட்டறையில், "செட் ஆகட்டும்" என்று ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் விட்டபடி இரண்டு நாள் ஐட்லிங்கில் ஓடவிட்டார்கள். அக்கறையோடு செய்ததுதான். அப்பாவும் அதன்பின் நாற்பதுக்குமேல் போகாமல், ஆக்ஸிலேட்டரைத் தடவித் தடவி ஓட்டினார். மூவாயிரம் கிலோமீட்டர் ஆகியும் நீலப்புகை நிற்கவில்லை. திறந்தபோது சிலிண்டர் சுவர் முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. அவ்வளவு மென்மையாக ஓட்டிய மனிதருக்கு அப்படி ஆனது எனக்குப் பல வருடம் புரியவில்லை.

சரியான வழி நடுவில் இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறியபின், ஆளில்லாத சாலையில், மூன்றாம் கியரில் முப்பதிலிருந்து ஐம்பது வரை தயங்காமல் மிதிக்க வேண்டும். பிறகு காலை முழுசாக எடுத்து, கியரிலேயே வேகம் இறங்க விட வேண்டும். மறுபடி மிதிக்க வேண்டும். மிதிக்கும் சில விநாடிகள் வாயு ரிங்கை நெருக்கும், முகடு வெட்டுப்படும். காலை எடுத்ததும் சிலிண்டருக்குள் காற்று குறைந்து உறிஞ்சல் உண்டாகும். ஆயில் மேலேறி, வெட்டிய துகளைக் கழுவி, சுவரைக் குளிரவைக்கும். வேலை, ஓய்வு, வேலை, ஓய்வு. ஒரே வேகத்தில் பத்து மணி நேரம் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ஏற்றத்தில் கியர் இறக்காமல் டாப்பிலேயே முக்கவிடுவது. சுற்று குறைவு, ஆகவே ஆயில் படலம் மெலிவு. மிதி அதிகம், ஆகவே நெருக்கல் உச்சம். மெதுவாகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே செய்யும் கொடுமை இது. ரிங்கைவிட பேரிங்குக்குத்தான் முதல் அடி. பேரிங் ரிங்கைப்போல உரசிப் படிய வேண்டியதே இல்லை. அது முதல் சுற்றிலிருந்தே ஆயிலில் மிதக்க வேண்டிய உறுப்பு.

500இல் என்ன பார்க்கிறார்கள்?

500 ஆனதும் வண்டி திரும்பப் பட்டறைக்கு வருகிறது. ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்குகிறார்கள், கேஸ்கெட் அமுங்கியிருக்கும் என்பதால். டேப்பெட் இடைவெளியைச் சரிபார்க்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் ஆயிலை இறக்குகிறார்கள். தட்டில் விழும் ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மீன்செதிலைப் பொடித்துத் தூவியதுபோல் ஒரு மினுமினுப்பு மிதக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் தட்டுப்படாத அளவுக்கு நுண்ணிய பொடி. நெறுநெறுவென்று தட்டுப்பட்டால் கவலைப்பட வேண்டும். நுண்ணிய பொடியாகவே இருந்தால் நல்லது. 12 லட்சம் சுற்றில் சுவரும் ரிங்கும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்த முகடுகள் அவை.

புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைத் திறக்கிறார் மெக்கானிக். துவாரத்தின்மேல் உள்ளங்கையை வைக்கிறார். போன மாதம் அங்கே முகத்தில் அடித்த புகை இப்போது இல்லை. இளஞ்சூடான ஆவி மட்டும் கையைத் தொடுகிறது. "ரிங் உக்காந்துருச்சு சார்" என்று சொல்லி மூடியைத் திருகுகிறார்.